கோடை விடுமுறையும் பள்ளிப் பிள்ளைகளும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வரை உள்ள நாட்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகவும், வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கவலையாகவும் அமைந்துவிடுகின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. படிப்பைப் பற்றிய கேள்விகளே முன்னால் வருகின்றன என்றாலும், நீர்நிலை, வெயில், வண்டி ஆகிய மூன்றையும் பற்றிய விடைகளை முதலில் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படிப்பில் ஏற்படும் குறையை ஜூலை மாதத்தில்கூடச் சரிசெய்துகொள்ளலாம். அந்த மூன்றில் நேரும் தவற்றுக்கு மறுவாய்ப்புக் கிடைப்பதில்லை.

விடுமுறை தொடங்கியதுமே ஏதாவது ஒரு வகுப்பில் சேர்த்துவிடுவதுதானே நல்லது?

தேர்வு முடிந்த கையோடு சேர்த்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முதல் ஒரு வாரம், பத்து நாட்கள் பிள்ளை தன் விருப்பப்படி எழுந்து, விளையாடி, தூங்கிக் கழிக்கட்டும். அதன் பிறகும் நாள் முழுவதற்குமாகக் கால அட்டவணை போடுவதைக் காட்டிலும், நாளொன்றுக்கு இரண்டே இரண்டு வேலைகளை மாறாமல் வைத்துக்கொள்வது நீடித்து நிற்கும். ஒன்று, காலையில் படிப்புக்கான அரைமணி நேரம். மற்றொன்று, வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு பொறுப்பு. காலை ஆறு மணி யோகா, ஏழு மணி இந்தி, எட்டு மணி அபாகஸ் என்று வண்ணப் பேனாவில் எழுதி ஒட்டப்படும் அட்டவணைகள் பெரும்பாலும் அதே வாரத்தில் கைவிடப்படுகின்றன. பிறகு அதை முன்னிட்டு வீட்டில் சண்டை நடப்பதுதான் மிச்சம்.

இத்தனை நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் படித்ததெல்லாம் மறந்துவிடாதா?

ஓரளவு மறக்கத்தான் செய்யும். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் இதைப் பற்றி நடந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கோடை விடுமுறைக்குப் பிறகு மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குகின்றனர் என்றும், வாசிப்பைவிடக் கணக்கில் இந்த இழப்பு கூடுதல் என்றும் அவர்கள் கண்டனர். இழப்பின் அளவைக் குறித்துப் பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்பதையும், அங்குள்ள விடுமுறையும் பள்ளிமுறையும் நம்முடையவை அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் கணக்குதான் முதலில் மங்குகிறது என்ற செய்தி நம் ஆசிரியர்கள் ஜூன் மாதத்தில் வகுப்பறையில் காண்பதோடு பொருந்தியே வருகிறது. காரணம் விளங்காததல்ல. கடைப் பலகை, பேருந்துப் பலகை, திரையின் அடியில் ஓடும் எழுத்து என்று வாசிப்பு வெளியுலகிலும் தொடர்கிறது. வகுத்தல் கணக்கைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே யாரும் பிள்ளையிடம் கேட்பதில்லை.

அப்படியானால் எதைப் படிக்க வைப்பது? அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கலாமா?

தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முடிந்த வகுப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பயனுள்ளது. அதற்குப் பத்து நிமிடம் போதும். 2005 முதல் இந்தியாவின் ஊரகப் பகுதிகளில் வீடு வீடாக நடத்தப்பட்டுவரும் அசர் ஆய்வில் பிள்ளைகளுக்கு மிக எளிய சோதனையே வைக்கிறார்கள்: இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு பகுதியைச் சத்தமாக வாசிப்பது, கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கு, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. ஐந்தாம் வகுப்பு முடித்த உங்கள் பிள்ளைக்கும் இதையே வைத்துப் பாருங்கள்.

விடை சரியா தவறா என்று மட்டும் பார்க்காமல், தவறு எப்படி வந்தது என்று பாருங்கள். 63இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளை 45 என்று எழுதக்கூடும். இது கவனக்குறைவு அன்று. மூன்றிலிருந்து எட்டைக் கழிக்க முடியாதபோது, பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடலாம் என்று பிள்ளை தானாக ஒரு விதியை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. 824ஐ 8ஆல் வகுத்து 13 என்று எழுதும் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரிகிறது. நடுவில் வர வேண்டிய சுழியம் ஏன் வர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. முதல் பிள்ளைக்குப் பத்து ரூபாய்த் தாள்களையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் கையில் கொடுத்து, சில்லறை மாற்றச் சொல்லிக் கற்பித்தால் இரண்டு மூன்று நாட்களில் பிடிபட்டுவிடும். இரண்டாம் பிள்ளைக்கு 824 ரூபாயை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 13 ரூபாய்தான் கிடைக்குமா என்று ஒரு கேள்வி கேட்டாலே விழித்துக்கொள்ளும். இப்படிக் கண்டறிந்த ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் நாள்தோறும் ஐந்தாறு கணக்குகள் போட்டால் விடுமுறைக்கு அதுவே நிறைவானது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கீழ் வகுப்பு நூலைத் தேடி இறக்கிக்கொள்ளலாம். வழிகாட்டி நூல்கள் வாங்கத் தேவையில்லை.

ஆங்கில வழியில் படிக்கும் எங்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வருகிறது. இந்த விடுமுறையில் சரிசெய்ய முடியுமா?

முடியும். எழுத்துகளை அறிந்து, கூட்டி வாசிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு வேண்டியது இலக்கணமோ எழுத்துப் பயிற்சி ஏடோ அன்று. தடுமாறாமல் ஓடும் வரை நாள்தோறும் சத்தமாக வாசிப்பதுதான். பத்து நிமிடம், பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க, பிள்ளை வாசிக்கட்டும். ரகர றகரங்களையும் லகர ளகர ழகரங்களையும் மாற்றி உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் இடைமறித்துத் திருத்தினால் வாசிப்பதையே வெறுத்துவிடும். ஒரு பத்தி முடிந்த பிறகு இரண்டு சொற்களை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். வீட்டுக்கு வரும் திருமண அழைப்பிதழ், மளிகைச் சீட்டு, நாளிதழின் தலைப்புகள், பேருந்தின் வழித்தடப் பலகை ஆகியவற்றைப் பிள்ளையை வாசித்துச் சொல்லச் செய்தால் அது பாடமாகத் தோன்றாது. ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதி அஞ்சல் பெட்டியில் போடச் செய்வதும் நல்ல வழி. பதில் எழுத அவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நூலகத்தில் பிள்ளைகளை அனுமதிப்பார்களா?

அனுமதிப்பார்கள். 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நீங்கள் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது; ஆகவே கிளை நூலகத்தில் உறுப்பினராகத் தயங்க வேண்டியதில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. சிற்றூர்களில் உள்ள ஊர்ப்புற நூலகங்கள் அந்த அளவுக்கு வசதியானவை அல்ல. பல நூல்கள் பழையனவாகவும் இருக்கும். ஆனாலும் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று பிள்ளையே அலமாரிகளுக்கு இடையில் நின்று முடிவு செய்யும் வாய்ப்பு அங்கேயும் உண்டு. எடுத்த புத்தகம் மிக எளிதாக இருக்கிறதே என்று பெற்றோர் குறுக்கிட வேண்டாம். படக்கதையாக இருந்தாலும் சரி, கிரிக்கெட் வீரரைப் பற்றியதாக இருந்தாலும் சரி, முழுதாகப் படித்து முடிக்கப்படும் புத்தகமே அடுத்த புத்தகத்துக்குக் கொண்டுபோகும்.

கையிலிருந்து செல்பேசியைப் பிடுங்கினால் வீடு இரண்டுபடுகிறது. என்ன செய்வது?

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை காட்டவே கூடாது. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதினருக்கு மணிக்கணக்கைவிட, தூக்கம், விளையாட்டு, படிப்பு, குடும்பத்தோடு இருக்கும் நேரம் ஆகியவற்றைத் திரை விழுங்காமல் இருக்கிறதா என்பதே அளவுகோல்.

நடைமுறையில், எவ்வளவு நேரம் என்று பேரம் பேசுவதைக் காட்டிலும் எப்போது, எங்கே என்று வரையறுப்பது எளிது. சாப்பிடும்போது இல்லை, படுக்கையில் இல்லை, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எல்லாச் செல்பேசிகளும் கூடத்து மேசையில் என்று வைத்துக்கொண்டால், ‘எல்லா’ என்பதில் அப்பாவின் செல்பேசியும் அடங்கும். இந்த ஒரு விதியில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. விளையாட்டின் நடுவே பிடுங்குவதும் சண்டையை வளர்க்கும். ஆட்டம் முடிந்ததும் வைத்துவிட வேண்டும் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்த செல்பேசியைத் தராதீர்கள்.

‘போரடிக்குது’ என்று நாள் முழுவதும் புலம்பும் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்காமல் சற்று நேரம் விட்டுவிடலாம். சலிப்பு நோயன்று, அரைமணி நேரம் யாரும் எதுவும் தராவிட்டால் பிள்ளை அட்டைப்பெட்டியையோ கயிற்றையோ தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வீட்டில் தொடத்தக்க பொருள்கள் இருக்க வேண்டும். எதைத் தொட்டாலும் அதட்டல் வரும் வீட்டில் பிள்ளைக்கு எஞ்சுவது திரை ஒன்றுதான்.

வீட்டு வேலையில் உண்மையான பங்கு தருவது இதற்கு இன்னொரு மருந்து. மே மாதத்தில் மொட்டை மாடியில் வற்றல் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அரிசியை ஊறவைப்பது, மாவுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று அளப்பது, விடியற்காலையில் வேட்டித் துணியை நனைத்து விரித்து அதன்மேல் கூழைக் கரண்டியால் ஊற்றுவது, காக்கையை ஓட்டுவது, மாலையில் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து வற்றலை உரிப்பது என்று எட்டு வயதுப் பிள்ளையும் செய்யத்தக்க வேலைகள் அதில் நிறைய உண்டு. அடுப்பில் கூழ் கிண்டுவது மட்டும் பெரியவர்கள் வேலை. கூழை ருசி பார்க்கும்போது உப்புச் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும் என்று பாட்டி ஏன் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு அப்படியே தங்கிவிடுகிறது என்பதைப் பிள்ளை நாக்காலேயே அறிந்துகொள்ளும். பாடநூலில் ஆவியாதல் வரும்போது அது புதிய செய்தியாக இராது. காய்கறி வாங்கி மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பது, தொட்டிச் செடிகளைப் பார்த்துக்கொள்வது, தன் துணியைத் தானே துவைப்பது ஆகியவையும் இத்தகையனவே. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு இதில் வேண்டாம்.

வெயில் நேரத்தில் வீட்டுக்குள் விளையாட என்ன இருக்கிறது?

பல்லாங்குழி, தாயம், ஐந்தாங்கல், ஆடு புலி ஆட்டம் என்று பலவும் உள்ளன. இவற்றுள் ஆடு புலி ஆட்டத்தைத் தனியே பரிந்துரைப்பேன். தரையில் சாக்கட்டியால் கட்டம் வரைந்து, மூன்று புளியங்கொட்டைகளைப் புலியாகவும் பதினைந்து கூழாங்கற்களை ஆடாகவும் வைத்து ஆடலாம். ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் கட்டத்தில் இறக்க வேண்டும். எல்லாம் இறங்கும் வரை அவற்றை நகர்த்த முடியாது. அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி அதற்கு அப்பால் வெற்றிடம் இருந்தால் புலி குதித்து அதை வெட்டிவிடும். மூன்று புலிகளையும் நகரவிடாமல் மடக்கினால் ஆடுகளுக்கு வெற்றி. இரு தரப்புக்கும் ஒரே பலம் இல்லாத ஆட்டம் என்பதால், ஆடும் முறையை ஒவ்வொரு தரப்பிலிருந்தும் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை புலியாகவும் மறுமுறை ஆடாகவும் மாறி மாறி ஆடச் செய்யுங்கள்.

ஊருக்குப் போனால் ஆற்றிலும் கிணற்றிலும் குளிக்க விரும்புகிறார்கள். அனுமதிக்கலாமா?

நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், வேறெந்த வேலையும் பார்க்காமல், கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலன்றி அனுமதிக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களின் நாளிதழ்களைப் புரட்டினால், விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் நீரில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஆண்டு தவறாமல் வந்திருப்பதைக் காணலாம். உள்ளூர்ப் பிள்ளைக்கு எந்தப் படித்துறையில் ஆழம், எங்கே சுழல் என்பது தெரியும்; விருந்தாளியாக வந்த பிள்ளைக்குத் தெரியாது. மணல் அள்ளிய குழிகள் ஆற்றில் நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்துக்குள் போய்விடுவார். கைவிடப்பட்ட கல்குவாரியில் கரை செங்குத்தாக இருப்பதால், நீந்தத் தெரிந்தவரும் பிடித்து ஏற இடமின்றிக் களைத்துவிடுவார். அணையில் திறந்துவிடும் நீர் மழையே இல்லாத நாளிலும் ஆற்று மட்டத்தை உயர்த்தும்.

மூழ்குபவர் கூச்சலிட்டுக் கையசைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய் நீருக்குள் இருக்கும்போது சத்தம் எழாது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதித்து இருவரும் போவது இத்தகைய நிகழ்வுகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டியது இதுதான்: நண்பன் தத்தளித்தால் நீ குதிக்காதே, கத்தி ஆளைக் கூப்பிடு, கயிறு, துண்டு, சேலை, நீண்ட கழி, காலிப் பிளாஸ்டிக் குடம் என்று கைக்குக் கிடைத்ததை அவன் பக்கம் நீட்டு அல்லது வீசு. கரைக்குக் கொண்டுவந்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் நேரத்தைப் போக்காமல், உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்கி, 108க்கு அழைக்க வேண்டும். பெரியவர்களில் ஒருவராவது இந்த முதலுதவியை முறையாகக் கற்றிருப்பது நல்லது.

நீச்சலைக் கற்பிப்பதற்கு இந்த விடுமுறையைவிட நல்ல காலம் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்களில் கோடையில் தொகுதி தொகுதியாகப் பயிற்சி நடக்கிறது. ஆனால் ஒரு தொகுதி முடித்த பிள்ளை நீச்சல் குளத்தில்தான் நீந்தும்; ஆற்றிலும் நீந்தும் என்று நம்பிவிடக் கூடாது.

வெயிலில் விளையாடவே விடக்கூடாதா?

விடலாம், விட வேண்டும், நேரம்தான் முக்கியம். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கரைக்குப் பின்னும் தெருவிலும் திடலிலும் ஆடட்டும். நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே வேண்டாம். வழக்கமாக மே 4 முதல் 28 வரை வரும் அக்னி நட்சத்திர நாட்களில் இதில் கண்டிப்பாக இருங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். நீர்மோர், இளநீர், நுங்கு, தர்பூசணி, பானகம் ஆகியவை எளிதாகக் கிடைக்கும்போது புட்டியில் அடைத்த குளிர்பானத்துக்குத் தேவை இல்லை. தெருவோரச் சர்பத்தில் போடும் பாளப் பனிக்கட்டி குடிநீரில் செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல், மிகுந்த வியர்வை, தளர்ச்சி இருந்தால் நிழலில் படுக்க வைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உடல் நெருப்பாய்ச் சுட்டு, பிள்ளை உளறினாலோ மயங்கினாலோ அது வெப்ப வாதம். வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நிறுத்திய காருக்குள் பிள்ளையை ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு முடித்த மகன் ஸ்கூட்டர் ஓட்டப் பழகிவிட்டான். தெருமுனைக் கடை வரைக்கும் விடலாமா?

கூடாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி ஆவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பதினாறு வயதில் உரிமம் உண்டே என்பார்கள். அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. இன்று கடைகளில் விற்கும் ஸ்கூட்டர்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த வரம்பைத் தாண்டியவை. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளையைத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா, தனியாக விட்டுப் போகலாமா?

தாத்தா பாட்டியால் முடியுமானால் அனுப்புவதே மேல். ஆனால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். மூட்டுவலியோடு இருக்கும் எழுபது வயது அப்பத்தாவிடம் மூன்று பேரப்பிள்ளைகளை ஒரு மாதத்துக்கு ஒப்படைப்பது நியாயமன்று. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, ஆளுக்கொரு வாரம் ஒரு வீட்டில் எனப் பகிர்ந்துகொள்வதும் நடக்கக்கூடியதே. தனியாக இருக்கத்தக்க வயதை எட்டிய பிள்ளை என்றால், எரிவாயுவை மூடிவைப்பது, யாருக்குக் கதவைத் திறக்கலாம் என்று பெயர் சொல்லி வரையறுப்பது, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் தெரிவித்திருப்பது ஆகியவை அடிப்படை.

உறவினர் வீடானாலும் வேறு இடமானாலும், தன் உடலைத் தொடுவதில் எது தகாதது, அப்படி யார் நடந்துகொண்டாலும் அதை மறைக்கத் தேவையில்லை என்பதைப் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். ‘அங்கே போக மாட்டேன்’ என்று காரணம் சொல்லாமல் அடம்பிடித்தால் அதட்டாமல் விசாரியுங்கள். சிறார் உதவி எண் 1098 பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

விடுமுறையில் கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு அனுப்பினால் பொறுப்பு வரும் என்கிறார்களே?

பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது, 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம்; வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் உதவுவதற்கு மட்டும் சட்டம் இடம் தருகிறது. அம்மாவின் பூக்கடையில் மாலையில் ஒரு மணி நேரம் அமர்வதில் தவறில்லை. பட்டாசு, தீப்பெட்டி போன்ற ஆபத்தான தொழில்களில் பதினெட்டு வயது வரை தடை உள்ளது. பொறுப்பு வருவதற்கு வீட்டிலேயே வேலைகள் இருக்கின்றன.

கோடைக்காலப் பயிற்சி முகாம்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? கட்டணம் மிகுதியாக இருக்கிறதே?

விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் ஆண்டுதோறும் நடத்தும் கோடைப் பயிற்சி முகாமை முதலில் விசாரியுங்கள். தடகளம், கைப்பந்து, கபடி எனப் பயிற்றுநர் மேற்பார்வையில் கற்கலாம். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் ஆகியவை மிகக் குறைந்த செலவில் கற்பிக்கப்படுகின்றன. தனியார் முகாமானால், பத்து நாளில் பத்துக் கலை என்று விளம்பரம் செய்வதைத் தவிர்த்து, ஒன்றையே கற்பிப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாள் உடனிருந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஊரிலுள்ள தட்டச்சுப் பயிலகத்தில் சேர்வது இன்றும் நல்ல யோசனைதான். கணினி வந்த பிறகு தட்டச்சு எதற்கு என்று கேட்பவர்கள், விசைப்பலகையைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் தட்டும் பட்டதாரிகளைக் கண்டதில்லை போலும்.

வெளியூர் அழைத்துப் போக வசதி இல்லை. குறையாகிவிடுமா?

ஆகாது. வசதி இருப்பவர்களுக்கும் ஊட்டியும் கொடைக்கானலும் மே மாதத்தில் வாகன நெரிசலையே முதலில் காட்டுகின்றன. உயர்நீதிமன்ற உத்தரவின்படி அவ்விரு இடங்களுக்கும் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் பதிவும் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளில் போய்த் திரும்பும் இடங்களைப் பாருங்கள். சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கமும் உண்டு. திருச்சியிலும் கோளரங்கம் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ளோர்க்கு 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் உண்டு. எல்லாக் கூடங்களையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, பிள்ளை தேர்ந்தெடுக்கும் ஒரு பொருளின் முன் நின்று, அதை நோட்டில் வரைந்து பார்ப்பது நெஞ்சில் நிற்கும். கீழடி அகழாய்வில் கிடைத்த ஆட்டக்காய்களையும், பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று யாரோ கீறி வைத்த பெயரையும் கண்ட பிள்ளை, வீட்டில் தாயம் ஆடும்போது சும்மா இராது.

அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. பள்ளியில் சிறப்பு வகுப்பு வைக்கிறார்கள். அனுப்பத்தான் வேண்டுமா?

கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை தொடர்ந்து அறிவுறுத்தி வருகிறது; புகார் இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் தெரிவிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் இரண்டு மணி நேரம், முந்தைய வகுப்பில் விளங்காமல் போன பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமானது. மே மாதத்திலேயே முழு வேகத்தில் ஓடத் தொடங்கும் பிள்ளைகள் சனவரியில் களைத்துப்போவதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள்.

தேர்வு முடிவு வந்தது. ஒரு பாடத்தில் தேர்ச்சி இல்லை. என்ன செய்வது?

துணைத்தேர்வுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அதில் தேர்ச்சி பெற்றால் அதே ஆண்டிலேயே படிப்பைத் தொடரலாம். முடிவு வந்த நாளிலும் அடுத்த சில நாட்களிலும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அத்தையோ மாமாவோ தொலைபேசியில் மதிப்பெண் விசாரித்தால் நீங்களே பேசி முடித்துவிடுங்கள். மனம் தளர்ந்து பேசினால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் ஆலோசகரோடு பேசலாம்.

பள்ளி திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை என்னென்ன?

கடைசிப் பத்து நாட்களில் தூங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவாருங்கள். முதல் நாள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏற்றுவது இருவருக்கும் துன்பம். கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொல்லாது, ஏனென்றால் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே கண் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஐந்து வயதும் பதினைந்து வயதும் நிறைந்த பிள்ளைகளுக்கு ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் மே மாத நடுவிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அங்கே வரிசை வாசலுக்கு வெளியே நீளும்.